ஒழுகலாறு: குழாய்க் கசிவுக்கு ஓர் ஐந்திணை இலக்கணம்

பாயிரம்

தமிழில் இலக்கணம் எழுதப்படாத பொருள் குறைவு. எழுத்துக்கு இருக்கிறது, சொல்லுக்கு இருக்கிறது, காதலுக்கு இருக்கிறது. எதிரி நாட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வருவதற்குக்கூடத் தனித் திணை வகுத்து, தலையில் பூவும் சூட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக் குழாய் கையோடு கழன்று வந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு நூற்பா இல்லை. இத்தனைக்கும் காதலும் போரும் எல்லார் வீட்டிலும் நடப்பதில்லை. குழாய் எல்லார் வீட்டிலும் ஒழுகுகிறது.

முன்னோர் இத்துறையில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. கீழடி அகழாய்வில் ஒன்றோடொன்று செருகிப் பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. அவை இணைப்பில் கசிந்தனவா, கசிந்த அன்று அவற்றைப் பதித்தவர் எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார் என்பன மேல் ஆய்வுக்கு உரியவை. ரோமாபுரியில் கி.பி. 97இல் நகர நீர் வழங்கலுக்குப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ் அங்குள்ள நீர்க்கால்வாய்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தரைக்கு அடியில் திருட்டுத்தனமாகக் குழாய் செருகித் தண்ணீர் எடுத்தவர்களைப் பற்றி அதில் அவர் புலம்பும் இடங்களைச் சென்னைவாசிக்கு யாரும் பொழிப்புரை சொல்ல வேண்டியதில்லை. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் கழிப்பறைக் குழாயை 'எஸ்' வடிவில் வளைத்து, வளைவில் தேங்கும் நீரே சாக்கடை நாற்றத்தை மறிக்கும்படி செய்து காப்புரிமை பெற்றார். ஜுகோவ்ஸ்கி என்ற ரஷ்யர் மாஸ்கோ நகரக் குழாய்களில் சோதனை நடத்தி, ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால் குழாய் ஏன் அதிர்கிறது என்பதை 1898இல் கணக்காக எழுதிவைத்தார்.

எல்லாரும் பெரியவர்கள்தான். ஆனால் இல்லறத்தாரின் ஒரே கேள்வியை இவர்களில் ஒருவரும் தொடவில்லை: "கேட் வால்வு எங்க இருக்கு?"

இவ்வாய்வின் கருதுகோளும் அதுவே. குழாய் உடைவதால் மட்டும் நெருக்கடி வந்துவிடாது. உடைந்த குழாய்க்கும் அதை அடைக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு குடும்பம் நின்று பேசத் தொடங்கும்போதுதான் அது நெருக்கடி ஆகிறது. சூத்திரமாகச் சொன்னால்: நெருக்கடி என்பது நீர் வெளியேறும் வேகத்தை, வால்வைக் கண்டுபிடிக்க ஆகும் நேரத்தால் பெருக்கி வருவது. முதல் எண் நீரியல் சார்ந்தது. இரண்டாவது எண் முழுக்க முழுக்கக் குடும்பவியல் சார்ந்தது.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள். குழாயியலில் நிலம் ஐந்து: மொட்டை மாடி, சமையலறை, குளியலறை, ஹால், கீழ்வீட்டுக்காரர் கூரை. கடைசி நிலம் நமக்குச் சொந்தமில்லை என்பதால் அதைப் புறத்திணையில் வைத்துக்கொள்வோம்.

பொழுதைப் பற்றிக் கருத்து வேறுபாடே இல்லை. தீபாவளிக்கு முந்தின நாள், சம்பந்தி வீட்டார் வந்து தங்கியிருக்கும் நாள், பிள்ளைக்குப் பொதுத்தேர்வு நடக்கும் நாள் ஆகியவை பெரும்பொழுது. கடை அடைத்து ஐந்து நிமிடம் கழிந்த நேரம் சிறுபொழுது. இதில் மாயம் ஒன்றுமில்லை. விருந்தாளி வரும் நாளில்தான் அதுவரை யாரும் தொடாத குழாயைத் திறக்கிறோம், நான்கு பேர் குளிக்கும் குளியலறையில் ஒன்பது பேர் குளிக்கிறோம். பல மாதமாகத் திருகாத குழாயின் உள்ளே உப்புப் படிந்து, வாஷர் காய்ந்து இறுகியிருக்கும். மாமனார் கை அதில் பட்டதும் அது விட்டுக்கொடுக்கிறது. பழி மாமனார் மேல் விழுகிறது. குழாய் அதற்கு ஆறு மாதம் முன்பே முடிவெடுத்துவிட்டது.

நெய்தல்

ஐந்திணை வரிசையை மாற்றி நெய்தலில் தொடங்குகிறேன். ஹாலில் தண்ணீர் பாயும்போது தொல்காப்பிய வரிசை பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நிலம் கடலும் கடல் சார்ந்த இடமும். அதாவது குளியலறையும், அது வழிந்து எட்டிய வரையில் வீடும். தெய்வம் வருணன். உரிப்பொருள் இரங்கல். கருப்பொருள்: வாளி, மக், பழைய லுங்கி, மிதக்கும் செருப்பு. இத்திணைக்கு உரிய நிகழ்வு, அடைக்க முடியாத பாய்ச்சல். குழாயின் திருகாணி வெட்டு சுவருக்குள் முறிந்து நிற்பது ஒரு துறை. வாஷ்பேசின் அடியில் இருக்கும் கனெக்ஷன் பைப் வெடித்துக்கொள்வது இன்னொரு துறை. இந்தக் கனெக்ஷன் பைப் பார்வைக்கு எஃகு வலை பின்னியதாக இருந்தாலும், உள்ளே இருப்பது வெறும் ரப்பர் குழாயே. வலையில் துரு தெரிந்தால் அதை மாற்றிவிடுவது மலிவு. மாற்றாவிட்டால் அது இரவில்தான் வெடிக்கும் என்பது துணிபு.

இங்கே அளவை முக்கியம். உடைந்த அரை அங்குலக் குழாயின் கீழ் பதினைந்து லிட்டர் வாளியை வைத்தால் அது ஒரு நிமிடத்தில் நிறைகிறது என்று கொள்வோம். 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி காலியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வால்வைத் தேட இருபது நிமிடம் போனால் 300 லிட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் அதை அப்படியே நிறுத்தினால் ஓர் அங்குல உயரம் நிற்கும். ஓர் அங்குலம் கேட்கக் கொஞ்சம்தான். சோபாவின் கால், ஃபிரிட்ஜின் அடி, தரையோடு கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவற்றைக் கேட்டால் வேறு சொல்லும்.

எனவே நெய்தலில் முதல் வினை தண்ணீரைப் பற்றியதே அல்ல. மின்சாரத்தைப் பற்றியது. தண்ணீர் ஸ்விட்ச்போர்டையோ தரையில் கிடக்கும் வயரையோ நெருங்கினால் மெயினை அணைக்க வேண்டும். மெயின் பெட்டிக்குப் போகவே ஈரத்தில் நிற்க வேண்டியிருந்தாலோ, பெட்டியே நனைந்திருந்தாலோ, தொடாமல் வெளியே வந்து மின்வாரியத்துக்குப் போன் செய்வதே முறை. இந்த ஓர் இடத்தில் மட்டும் இவ்வாய்வாளருக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது.

அடுத்தது மோட்டார். படித்தவர் வீடுகளில் பெரிதும் கோட்டைவிடப்படும் இடம் இதுதான். தொட்டியில் மட்டம் குறைந்தால் தானே மோட்டாரைப் போடும் ஆட்டோ கன்ட்ரோலர் ஒன்றைப் பெருமையோடு மாட்டியிருப்பார்கள். கீழே குழாய் உடைந்து தண்ணீர் ஓடுகிறது. மேலே மட்டம் குறைகிறது. கன்ட்ரோலர் கடமை தவறாமல் சம்ப்பிலிருந்து ஏற்றிக் கொடுக்கிறது. குடும்பமே வாளியோடு போராடிக்கொண்டிருக்க, மோட்டார் எதிரிக்குப் படை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதன் ஸ்விட்சை அணைக்காமல் செய்யும் எந்தப் போரும் முடியாது.

இனி வால்வு. அருகிலிருந்து தூரம் நோக்கிப் போவது நெறி. பேசின், கழிப்பறைத் தொட்டி இவற்றுக்கு அடியில் ஆங்கிள் காக் இருக்கும். அதைத் திருகினால் அந்த ஒரு கிளை மட்டும் நிற்கும். குளியலறைச் சுவரில் தலைக்கு மேல் பதித்த ஸ்டாப் காக் இருந்தால் அந்த அறை முழுதும் நிற்கும். இரண்டும் பலிக்காவிட்டால் மொட்டை மாடி.

மாடியில் காண்பது ஒரு தொட்டி, அதிலிருந்து இறங்கும் நாலைந்து குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு. எது எங்கே போகிறது என்பதைத் தாத்தா அறிவார். தாத்தா இன்று இல்லை. அடுக்ககமாக இருந்தால் வாட்ச்மேன் அறிவார்; அவர் ஊருக்குப் போயிருப்பார். வாய்மொழி மரபு அறுந்த இடத்தில் செயல்முறை ஆய்வு தொடங்குகிறது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே.

"இப்ப வருதாடா?"

"வருதுப்பா!"

"இப்ப?"

"நின்னுடுச்சு!"

"எது நின்னுச்சு? உடைஞ்சதா?"

"இல்லப்பா, கிச்சன்ல நின்னுச்சு. அம்மா திட்டுறாங்க!"

இந்த உரையாடல் ஒவ்வொரு வால்வுக்கும் ஒருமுறை நிகழும். செல்பேசி வந்த பின்னும் கூச்சலே நடப்பில் இருக்கிறது. ஈரக் கையால் திரையைத் தொட்டால் அது கேட்பதில்லை. வெள்ளை பெயின்ட்டால் 'சமையல்', 'கக்கூஸ்', 'மாடி வீடு' என்று ஒவ்வொரு வால்வின் மேலும் ஒரு சொல் எழுதிவைத்தால் இந்த இருபது நிமிடம் இரண்டு நிமிடமாகச் சுருங்கும். கல்வெட்டு எழுதிக் கோயிலை நிறைத்த சமூகம் இந்த ஒற்றைச் சொல்லை எழுதாமல் விட்டதற்கு என்ன காரணம் என்பது வரலாற்றாசிரியர் வேலை.

சரியான வால்வைக் கண்டாலும் கதை முடியாது. பழைய வீடுகளில் இருப்பது சக்கரக் கைப்பிடி கொண்ட கேட் வால்வு. அதன் உள்ளே ஒரு பித்தளைக் கதவு திருகில் ஏறி இறங்குகிறது. வலப்பக்கம் பல சுற்றுச் சுற்றினால்தான் மூடும். ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடந்தால் உப்பும் களிம்பும் ஏறித் திருகு இறுகிவிடும். சென்னை போர்வெல் தண்ணீருக்கு அதற்கு ஓர் ஆண்டே தாராளம். அப்போது வீட்டின் வீரர் ஒருவர் முன்வந்து முழுப் பலத்தையும் காட்டுவார். கைப்பிடி சுழலும், உள்ளே கதவு அசையாது, தண்டு முறிந்துவிட்டது. ஆகவே முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து இளக்குவதே அறிவு. நெருக்கடி இல்லாத காலத்தில் சில மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து வைப்பது அதனினும் அறிவு. புது வீடுகளில் இருக்கும் பால் வால்வுக்குக் கால் சுற்றே போதும்: கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தே சொல்லிவிடலாம் என்பதால் மாமனார், மருமகன் இருவரும் ஒரே விடை சொல்லும் அரிய கருவி இது.

எந்த வால்வும் கேட்கவில்லையா? மற்றக் குழாய்களை எல்லாம் திறந்துவிட்டு, இருக்கிற பாத்திரங்களை நிரப்பிக்கொள்ள வேண்டும். தண்ணீர் எப்படியும் போகப் போகிறது. போகிற தண்ணீர் அண்டாவுக்குள் போகட்டும். மட்டம் இறங்க இறங்க உடைப்பில் வேகமும் குறையும். பத்து மீட்டர் உயரம் நீர் நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. கீழ்வீட்டுக் குழாய் மேல்வீட்டுக் குழாயைவிட உக்கிரமாகப் பாய்வதற்கு அதுவே காரணம், வாஸ்து அல்ல.

நின்ற பிறகு, சுவருக்குள் சிக்கிய முறிந்த துண்டை ஹாக்ஸா பிளேடு கொடுத்து நெம்பித் திருகி எடுத்து, அரை அங்குல என்ட் பிளக் ஒன்றைத் திருகிவிட்டால் வீடு மீண்டும் இயங்கும். ஒரு தேநீர் விலைக்குக் கிடைக்கும் இந்தப் பிளாஸ்டிக் மூடியில் இரண்டு வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவைப்பவரை இவ்வாய்வு சான்றோர் என்று அழைக்கும். பிளக்கின் மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் திசையில். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே பிரிந்து சுருண்டு வந்துவிடும். அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலர் 1938இல் குளிர்பதன வாயு ஆராய்ச்சியின் நடுவே தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் இந்த டெஃப்லான். அதற்கு முந்தைய மரபு சணல் சுற்றி வெள்ளை லெட் பூசுவது. பழைய பிளம்பர்கள் இன்றும் சணலையே நம்புகிறார்கள். டேப்பைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் பேப்பர் சார்" என்பார்கள்.

மருதம்

உரிப்பொருள் ஊடல். பொழுது வைகறை, அதாவது பள்ளி வேன் வருவதற்கு முன். நிகழ்வு அடைப்பு. நெய்தலில் தண்ணீர் நிற்க மறுக்கிறது. மருதத்தில் போக மறுக்கிறது.

மற்றத் திணைகளில் குற்றவாளி குழாய். மருதத்தில் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்பதால் இத்திணை ஊடலுக்கு உரியதாயிற்று. சிங்க்கில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மாமியார், "நான் இருந்த வரைக்கும் இப்படி ஆனதில்ல" என்று பொதுவாகச் சொல்வார். மருமகள், "டீத்தூளை யாரு கொட்டுறாங்கன்னு எனக்குத் தெரியும்" என்று அதைவிடப் பொதுவாகச் சொல்வார். கணவர் அப்போது செய்தித்தாளில் அதுவரை படிக்காத பங்குச்சந்தைப் பக்கத்தைக் கவனிப்பார். சங்கப் பாடல்களில் ஊடல் தீர்க்கப் பாணன், தோழி, விறலி என்று வாயில்கள் பலர் உண்டு. இங்கே ஒரே வாயில், ரப்பர் பம்ப்.

அடைப்பின் பொருளைத் தோண்டி ஆராய்ந்தால் அது அடுக்கடுக்காக இருக்கும். அடியில் எண்ணெய். சூடாகப் போகும்போது நீராக இருந்த எண்ணெயும் நெய்யும் குழாய்க்குள் குளிர்ந்து சுவரில் ஒட்டுகின்றன. அதன் மேல் சோற்றுப் பருக்கை, அதன் மேல் டீத்தூள், நடுவில் கறிவேப்பிலைக் காம்பு, எங்கோ ஒரு பால் பாக்கெட்டின் வெட்டிய மூலை. அந்த மூலைதான் கருப்பொருள்களில் தலையாயது. வீட்டில் யார் பாக்கெட்டை அப்படி முழுசாக வெட்டி எறிகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். குளியலறையில் இதே ஆய்வைச் செய்தால் கிடைப்பது முடி, சோப்பு, ஷாம்பு உறை. நீளம் பார்த்து முடியை அடையாளம் காட்டும் முறை நடப்பில் இருந்தாலும், இல்லறம் நீடிக்க வேண்டுமெனில் அந்த முறையைக் கைவிடுவது நலம்.

சிகிச்சை எளிது. சிங்க்கின் அடியில் இருக்கும் பாட்டில் ட்ராப்பைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். கழற்றுமுன் கீழே ஒரு வாளி. அடைப்பு பெரும்பாலும் அந்தக் குடுவைக்குள்ளேயே இருக்கும். கழற்றிய குடுவைத் தண்ணீரைப் பழக்கதோஷத்தில் அதே சிங்க்கில் கொட்டுவோர் உண்டு. அது கீழே திறந்திருக்கிறது என்பது காலில் பட்ட பிறகே நினைவுக்கு வரும்.

ஆசிட் ஊற்றுவதில் நம்மவர்க்கு இருக்கும் ஆர்வத்தைச் சற்று அடக்க வேண்டியிருக்கிறது. ஆசிட் எண்ணெயைக் கரைப்பதில்லை. கையையும் தரையையும் கரைக்கும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரும் போட்டால் குளோரின் வாயு எழும். கதவு சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

வெளியே சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் எதிர்த்து ஏறினால் அது வேறு நிலை. மாடி வீடுகள் உட்பட எல்லாரும் தண்ணீர் விடுவதை முதலில் நிறுத்த வேண்டும். மேலே ஒருவர் குளிப்பது கீழே ஒருவர் வரவேற்பறையில் தெரியும். செப்டிக் டேங்க்கிலோ ஆள்நுழைக் குழியிலோ ஒரு மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் ஆட்கள் விஷவாயுவில் செத்துக்கொண்டிருக்கிறார்கள். "ஒரு ஆளை எறக்கினா அரை மணியில முடிஞ்சுரும் சார்" என்று யாராவது சொன்னால், எவ்வளவு நாற்றம் ஆனாலும் வேண்டாம் என்று சொல்லி லாரியைக் கூப்பிடுவது வீட்டுக்காரரின் கடமை. அந்த அரை மணியை மிச்சம் பிடிக்கும் உரிமை நமக்கு இல்லை.

முல்லை

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்தவர் வருவார் என்று ஆற்றியிருப்பது. குழாயியலில் வருபவர் பிளம்பர். பெரும்பொழுது கார்காலம் என்பது இங்கேயும் பொருந்தும். மழை பெய்தால் அவர் வர மாட்டார்.

காத்திருக்கையில் கேட்கும் ஒலி சொட்டு. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. ஆஸ்பத்திரிக் கணக்குப்படி இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால் நாளுக்கு நாலேகால் லிட்டர், மாதத்துக்குச் சுமார் 130 லிட்டர். குழாய்ச் சொட்டு பருமனானது என்பதால் இதைவிடக் கூடவே போகும். "சொட்டுதானே" என்போர்க்கு இக்கணக்கு. பெரும்பாலும் நோய் வாஷரில்தான் இருக்கும். தேய்ந்த வாஷர் கொண்ட குழாயைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவது தமிழர் வழக்கம். இறுக்க இறுக்க வாஷர் இன்னும் நசுங்கும், அடுத்த நாள் இன்னும் இறுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் அந்தக் குழாயைத் திறக்க வீட்டில் ஒருவரால் மட்டுமே முடியும், அவர் ஆபீஸ் போயிருப்பார்.

ஒலியில்லாத கசிவும் உண்டு. கழிப்பறைத் தொட்டியிலிருந்து கோப்பைக்குள் சத்தமின்றி இறங்கும் நீர் அவ்வகை. தொட்டிக்குள் கொஞ்சம் காபி டிகாக்‌ஷனையோ சாப்பாட்டுக் கலரையோ கலந்து, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டு, கோப்பையைப் பார்க்க வேண்டும். நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் மூடி போய்விட்டது. முதல் டிகாக்‌ஷனை இதற்குப் பயன்படுத்துவது கும்பகோணத்தார் மனத்தைப் புண்படுத்தும், இரண்டாவதே போதும். வீடு முழுதையும் சோதிக்க, இரவு படுக்குமுன் மாடித் தொட்டியில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு விடியலில் பார்க்கலாம். நடுவில் எழுந்து போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

முல்லையில் பெருமுது பெண்டிர் ஊர் எல்லையில் நின்று விரிச்சி, அதாவது நற்சொல், கேட்பது மரபு. இன்று அந்த நற்சொல் போனில் வருகிறது. "கெளம்பிட்டேன் சார்" என்பது முதல் விரிச்சி. வண்டி இன்னும் நகரவில்லை என்பது அதன் பொருள். "பக்கத்துலதான் சார் இருக்கேன்" என்பது இரண்டாவது. அவர் வேறொரு வீட்டின் பக்கத்தில் இருக்கிறார். "சாமான் வாங்கிட்டு இருக்கேன்" என்பது வந்தால்தான் தலைவி ஆற்றியிருக்கலாம், ஏனென்றால் அந்தச் சாமானுக்குக் காசு நாம் கொடுக்க வேண்டும், அதற்கு அவர் வந்தே தீர வேண்டும். அதுவரை கசியும் குழாயைத் துடைத்து, சைக்கிள் டியூப்பை இழுத்துப் பிடித்து இறுக்கிச் சுற்றிக் கட்டுவது முன்னோர் காட்டிய வழி. எம்-சீல் பூசுவோர் முதலில் வால்வை மூடி இடத்தைக் காயவைக்க வேண்டும். ஓடுகிற தண்ணீரின் மேல் அப்பப்படும் எம்-சீல் தரையில் உருண்டையாகக் கிடப்பதை எந்த வீட்டிலும் காணலாம்.

வந்து சேர்ந்த பிளம்பர் குழாயைப் பார்த்து முதலில் சொல்வது ஒன்றே: "யாரு சார் இந்த வேலையப் பார்த்தது?" பரிமேலழகர் காலம் தொட்டு முந்தைய உரைகாரரை மறுக்காமல் எவரும் உரை தொடங்கியதில்லை, இது அந்த மரபின் தொடர்ச்சி. போன வருடம் அந்த வேலையைப் பார்த்தவரும் இவரே என்பதை வீட்டுக்காரர் நினைவுபடுத்தக் கூடாது. உரையாசிரியர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் நூல் அப்படியே நின்றுவிடும். போகும்போது அவர், "சால்வென்ட் போட்டிருக்கேன், சாயங்காலம் வரைக்கும் தண்ணி விடாதீங்க" என்று சொல்வதைக் கேட்டு நடப்பதே நல்லது. ஒட்டு காயாமல் அழுத்தம் ஏற்றினால் எல்போ தனியாக வந்துவிடும், பிறகு மறுபடி முல்லை.

குறிஞ்சியும் பாலையும்

குறிஞ்சிக்கு நிலம் மலை. நமக்கு மொட்டை மாடி. பொழுது யாமம். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போன வீட்டில், நள்ளிரவில் தொட்டி நிறைந்து அருவியாகச் சன்ஷேடில் விழும் ஓசையே இதன் பறை. அடுத்த வீட்டுக்காரர் மட்டுமே அதைக் கேட்பார்; அவரும் காலையில்தான் சொல்வார். குழாய்க்குள் 'டம்' என்று இடிக்கும் சத்தமும் குறிஞ்சிப் பறைகளில் ஒன்று. பாய்ந்து வரும் நீர் சட்டென்று மறிக்கப்படும்போது அந்த வேகம் அழுத்தமாக மாறிக் குழாயை உதைக்கிறது, மாஸ்கோவில் ஜுகோவ்ஸ்கி அளந்தது இதையே. மாடி அறையில் பேய் என்று முடிவு கட்டுமுன் குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் கழன்றிருக்கிறதா என்று பார்க்கலாம். குறிஞ்சியில் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பாலைக்குத் தனி நிலம் இல்லை. எந்த நிலமும் வறண்டால் பாலையாகும். எந்தக் குழாயும் அப்படியே. திறந்தால் ஒரு பெருமூச்சு, இரண்டு இருமல், பிறகு மௌனம். தொட்டி நிறைந்திருந்தும் குழாயில் வரவில்லை என்றால் நடுவில் காற்று அடைத்திருக்கிறது. தொட்டி காலியான பின் நிரப்பும்போது இது நேரும். எல்லாக் குழாய்களையும் திறந்துவைத்தால் துப்பித் துப்பித் தானே வழி விடும். மோட்டார் ஓடியும் ஏறவில்லை என்றால் சம்ப்புக்குள் இருக்கும் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. மோட்டார் காற்றை அரைத்துக்கொண்டிருக்கிறது, உடனே அணைக்க வேண்டும். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது இந்த வேறுபாடுகள் எல்லாம் பொருளற்றுப் போயின. சம்ப்பில் தண்ணீரே இல்லை என்பதை ஏற்க மனமில்லாமல் ஃபுட் வால்வை மாற்றியவர்கள் ஊரெங்கும் இருந்தார்கள்.

பாலையின் இன்னொரு துறை, வாடை. விருந்தினர் அறைக் குளியலறை பல வாரம் பூட்டிக் கிடந்தால் தரையில் இருக்கும் நானி ட்ராப்பில் தேங்கியிருந்த நீர் வற்றி, சாக்கடைக் காற்று நேராக ஏறி வரும். எலி செத்துவிட்டது என்று பரணையெல்லாம் தேடுவார்கள். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும். கம்மிங் வளைத்த வளைவு மறுபடி வேலை செய்யும்.

புறத்திணை

கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து அழைப்பு மணியை அழுத்தும்போது அகம் முடிந்து புறம் தொடங்குகிறது. அவர் கையில் செல்பேசி இருக்கும். அதில் அவர் குளியலறைக் கூரையின் படம், நிலவரைபடம் போல மஞ்சள் திட்டுடன். "உங்க வீட்டுத் தண்ணி சார்." இது வெட்சி. "எங்க வீட்டுல ஒரு சொட்டு ஒழுகல, மழைத் தண்ணியா இருக்கும்." இது கரந்தை. மாதம் பங்குனி என்பதை இருவரும் அறிவர். அசோசியேஷன் கூட்டத்தில் கசிவது மேல்வீட்டுத் தரையா, கீழ்வீட்டுக் கூரையா என்ற விவாதம் தும்பையாக வளரும். இரண்டும் ஒரே கான்கிரீட் பலகைதான். மேல்வீட்டுக் குளியலறையில் தண்ணீர் புழங்காமல் இரண்டு நாள் விட்டுப் பார்த்தால் பதில் தானே தெரியும்: திட்டு காய்ந்தால் கசிவது டைல்ஸ் இடுக்கு, காயாவிட்டால் சுவருக்குள் ஓடும் குழாய். ஆனால் அந்த இரண்டு நாள் குளிக்காமல் இருக்க மேல்வீட்டார் சம்மதிக்க வேண்டும்; சம்மதித்தால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும் என்று அவர்கள் வக்கீல் மைத்துனர் சொல்லியிருப்பார்.

பாடாண் திணையில் புலவர் வள்ளலைப் பாடிப் பரிசில் கேட்பார். இங்கே வீட்டுக்காரர் பிளம்பரைப் பாடி நேரம் கேட்கிறார். "அண்ணே, உங்கள மாதிரி சுத்தமா வேலை செய்ய இந்த ஏரியாவுல யாரு இருக்கா? மத்தவன் தொட்டா இன்னும் ஒழுகுது." பாட்டுடைத் தலைவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லொகேஷன் அனுப்புங்க சார்" என்பார். அந்த வீட்டுக்குக் குழாய் போட்டவரே அவர்தான்.

பரிசில் பெற்றவர், பெறாதவருக்கு வள்ளலின் ஊரும் வழியும் சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு அவ்வகை. பாணரும் பொருநரும் கூத்தரும் அப்படித் தாராளமாக வழி சொல்லிக்கொண்டதாகத் தெரிகிறது. அடுக்கக வாட்ஸாப் குழுவில் இரவு பதினோரு மணிக்கு ஒருவர், "அவசரம், நல்ல பிளம்பர் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?" என்று கேட்டால் நாற்பது பேர் பார்த்ததாக நீலக் கோடு காட்டும். ஒருவர் கைகூப்பிய பொம்மை அனுப்புவார். ஒருவர், போன ஆண்டே வளைகுடா போய்விட்டவரின் எண்ணை அனுப்புவார். நல்ல பிளம்பரை வைத்திருப்பவர் அந்த நேரத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார். பிளம்பராற்றுப்படை என்று ஒரு நூல் தமிழில் தோன்றாமல் போனதற்கு அவரே காரணம்.